மார்கழியிலும் வியர்க்கும் உடல்

கும்பகோணத்தில் பெரியம்மா வீட்டில் ஒரு மார்கழி ராத்திரி. காது வரை போர்த்திக்கொண்டு தூங்கிய எனக்கு, மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும் சத்தத்தில் முழிப்பு வந்தது. பக்கத்துப் பாயில் பெரியம்மா இல்லை. கூடத்துத் தூணில் சாய்ந்து, வெறும் சிமென்ட் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

“என்ன பெரியம்மா, காய்ச்சலா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லடி. உள்ளேர்ந்து யாரோ அடுப்பைப் பத்தவெச்ச மாதிரி குபீர்னு ஏறும். ரெண்டு நிமிஷத்துல அடங்கிடும். நீ தூங்கு.”

சொன்னபடியே அடங்கியது. விசிறியை நிறுத்திவிட்டு வந்து படுத்தவர், என் போர்வையிலும் பாதியை இழுத்துக்கொண்டார். இப்போது அவருக்குக் குளிர்ந்தது.

அப்போது பெரியம்மாவுக்கு வயது 48. மாதவிலக்கு இரண்டு மாதம் வரும், மூன்று மாதம் வராது. இந்தச் சூடு எட்டு மாதமாக இருந்திருக்கிறது. வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அலமாரியைத் திறந்தபோது மூன்று சாமான்கள் கண்ணில் பட்டன: ஒரு லேகியம், ஒரு பொடி, ஒரு மாத்திரை டப்பா. மூன்றின் மேலும் கொட்டை எழுத்தில் ஒரே வார்த்தை: இயற்கை.

அடுப்பைப் பற்றவைத்தது யார் என்று தெரிந்துகொள்ளாமல் அதை அணைக்க முடியாது. அந்த டப்பாக்களுக்குள் இருப்பது அடுப்பைத் தொடுமா, தொடாதா என்று சொல்லவும் முடியாது. அன்றிலிருந்து நான் தேடிப் படித்ததை, பெரியம்மாவின் வயதை நெருங்கும் எல்லாப் பெண்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முட்டைகளின் கணக்கு

ஒரு பெண் சிசு தாயின் வயிற்றில் ஐந்து மாதம் இருக்கும்போது, அதன் இரண்டு சினைப்பைகளிலும் சேர்த்து ஏறக்குறைய 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கும். அதற்குமேல் புதிதாக ஒன்றும் சேராது; குறைந்துகொண்டேதான் போகும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம். இவற்றில் மாதம் ஒன்றாக முதிர்ந்து வெளியே வருபவை வாழ்நாள் முழுவதற்கும் 400, 500தான். மற்றவை சத்தமில்லாமல் கரைந்துவிடும். கையிருப்பு ஆயிரத்துக்குக் கீழே இறங்கும்போது, சினைப்பை தன் மாதக் கணக்கை முடித்துக்கொள்கிறது.

தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வரவில்லை என்றால் அதை மெனோபாஸ் என்கிறார்கள். மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் வருகிறது. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. அதற்கு முன்னால் சில ஆண்டுகள் ஒரு தடுமாற்றக் காலம் உண்டு. பெரியம்மா அதில்தான் இருந்தார்.

முட்டைகளைச் சுற்றியுள்ள அணுக்கள்தான் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. முட்டை குறைந்தால் ஈஸ்ட்ரோஜனும் குறையும். ஆனால் அது குழாயை மூடியதுபோல ஒரே நாளில் நிற்பதில்லை. ஒரு மாதம் வழக்கத்தைவிட அதிகமாகப் பாயும், அடுத்த மாதம் வற்றும். கருப்பையோடு நின்றுவிடும் ஹார்மோனும் அல்ல அது. எலும்பு, ரத்தக் குழாய், தோல், சிறுநீர்ப்பை, மூளை என்று அது பேசாத இடமே உடம்பில் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு வீட்டின் எல்லா வேலைகளிலும் கைகொடுத்தவர் வருவதும் வராததுமாக இருந்தால் அந்த வீடு எப்படித் தடுமாறும்? உடம்பும் அப்படித்தான் தடுமாறுகிறது.

அடுப்பைப் பற்றவைத்தது யார்?

மூளையின் அடியில், பாதாம் பருப்பு அளவில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. பசி, தூக்கம், உடல் வெப்பம் எல்லாவற்றையும் அதுதான் கவனிக்கிறது. இஸ்திரிப் பெட்டியில் சூடு ஏறினால் ‘டக்’ என்று விளக்கு அணைவதும், ஆறினால் மறுபடி எரிவதும் நமக்குப் பழக்கம். ஹைப்போதலாமஸும் அப்படி ஒரு வேலை செய்கிறது. உடம்பின் உள்வெப்பம் ஒரு மேல் கோட்டைத் தாண்டினால் வியர்க்க வைக்கும். ஒரு கீழ் கோட்டுக்கு இறங்கினால் நடுங்க வைக்கும். இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருக்கும்வரை ஒன்றும் செய்யாது.

டெட்ராய்ட் நகரின் வெயின் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃப்ரீட்மன் இந்த நடு இடத்தின் அகலத்தை அளந்தார். வெப்பநிலையை ரேடியோ அலையில் சொல்லும் ஒரு சிறு கருவியை மாத்திரைபோல விழுங்கச் சொல்லி, உள்வெப்பத்தை நொடிக்கு நொடி பின்தொடர்ந்தார். 1999இல் வெளிவந்த முடிவு இது: மாதவிலக்கு நின்றும் சூட்டுத் தொல்லை இல்லாத பெண்களுக்கு அந்த இடைவெளி 0.4 டிகிரி செல்சியஸ். சூட்டுத் தொல்லை உள்ளவர்களுக்கோ ஏறத்தாழ பூஜ்யம். இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டுவிட்டன.

பெரியம்மாவின் ராத்திரி எனக்கு இங்கேதான் புரிந்தது. போர்வைக்குள் உள்வெப்பம் ஒரு துளி ஏறுகிறது. சாதாரணமாக அது உடம்புக்கு உறைக்கவே உறைக்காது. ஆனால் நடு இடமே இல்லாத மூளை, “வீடு பற்றி எரிகிறது” என்று முடிவுகட்டிவிடுகிறது. தோலின் ரத்தக் குழாய்களை அகலத் திறந்துவிடுகிறது. முகம் சிவக்கிறது, இதயம் படபடக்கிறது, வேர்வை கொட்டுகிறது. உண்மையில் வெளியேற்ற வேண்டிய சூடு அங்கே இல்லை. தேவையில்லாமல் வெப்பத்தைக் கொட்டியதால் உள்வெப்பம் இறங்குகிறது. உடனே அந்தக் கீழ் கோடு எட்டிப் பிடிக்கிறது. போர்வையை இழுத்ததற்குக் காரணம் அதுதான். டாக்டர்கள் இதை ஹாட் ஃப்ளஷ் என்கிறார்கள். எனக்குப் பெரியம்மாவின் வார்த்தையே பிடித்திருக்கிறது: குபீர்ச் சூடு.

கோடுகளை நெருக்கியது யார்? இதற்கு விடை தேடிய பயணம் நுண்ணோக்கியில் தொடங்கியது. இறந்த பெண்களின் ஹைப்போதலாமஸ் சீவல்களை ஒப்பிட்டுப் பார்த்த நவோமி ரான்ஸ், மாதவிலக்கு நின்றவர்களிடம் ஒரு குறிப்பிட்ட நரம்பணுக் கூட்டம் மட்டும் பருத்திருப்பதை 1990இல் எழுதினார். முதுமையில் மூளை அணுக்கள் சுருங்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள், இவை வீங்கியிருந்தன. பிறகு அரிசோனா பல்கலைக்கழகத்தில் அவர் தொடர்ந்த ஆய்வுகளில் காரணம் தெளிந்தது. இந்த நரம்பணுக்களைக் கடிவாளம் போட்டு வைத்திருந்தது ஈஸ்ட்ரோஜன். கடிவாளம் நழுவியதும் அவை பருத்து, நியூரோகைனின் பி என்ற வேதிப்பொருளைக் கொட்டி, பக்கத்திலிருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தை உசுப்புகின்றன. எலிகள் தங்கள் சூட்டை வால் வழியாக வெளியேற்றுபவை. இந்த நரம்பணுக்களை நீக்கியதும் அவற்றின் வால் தோலின் வெப்பம் குறைந்தது.

2017இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில், நியூரோகைனின் பி போய் ஒட்டும் இடத்தை அடைக்கும் ஒரு மருந்தைப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாளே குபீர்ச் சூடு வெகுவாகக் குறைந்தது. அதே வழியில் வேலை செய்யும் ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரைக்கு 2023 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. காலங்காலமாக “மனப்பிரமை”, “வயசுக் கோளாறு” என்று பெண்கள் கேட்டுவந்த பேச்சுக்கு இந்த நரம்பணுக்கள் பதில் சொல்லிவிட்டன. அடுப்பு நிஜம். அது எரியும் இடமும் தெரிந்துவிட்டது.

நாடா சொல்லும் உண்மை

பெரியம்மாவின் இன்னொரு குறை எடை. “சாப்பாடு அதேதான், வேலை அதேதான். பாவாடை நாடா மட்டும் எட்டமாட்டேங்குது.” மெனோபாஸ் வந்தால் உடம்பு எரிக்கும் சக்தி குறைந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

2021இல் ஹெர்மன் பான்ட்சர் தலைமையிலான குழு ஒன்று ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கு மேற்பட்டவர்கள், பிறந்து எட்டு நாளான குழந்தையிலிருந்து 95 வயது முதியவர் வரை, ஒரு நாளைக்கு எவ்வளவு சக்தி செலவழிக்கிறார்கள் என்பதை அளந்தார்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வயது வரை அந்தச் செலவு மாறவே இல்லை. நாற்பதுகளில் சரிவு கிடையாது. ஆண் பெண் வேற்றுமையும் இல்லை. 60க்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் குறையத் தொடங்குகிறது.

அப்படியென்றால் நாடா ஏன் எட்டவில்லை? 1996இல் அமெரிக்காவின் ஏழு மையங்களில் 3,302 பெண்களுடன் தொடங்கிய ‘ஸ்வான்’ என்ற நெடிய ஆய்வு இதற்கு விடை தந்தது. அவர்களில் பலரின் உடலை ஆண்டுதோறும் ஸ்கேன் செய்து, கொழுப்பையும் தசையையும் தனித்தனியே அளந்தார்கள். தராசில் தெரிந்த எடை ஒரே சீராக, மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அதில் திடீர்த் திருப்பம் எதுவுமில்லை. ஆனால் உள்ளே வேறொன்று நடந்தது. மாதவிலக்குத் தடுமாறத் தொடங்கிய கட்டத்தில் கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பானது. அதே சமயம் தசை கரையத் தொடங்கியது. கடைசி மாதவிலக்குக்குப் பின் இரண்டு ஆண்டு வரை இப்படியே போய், பிறகு நிதானித்தது. ஒன்று கூடி மற்றொன்று குறைந்ததால் தராசு முள் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கொழுப்பு இடமும் மாறியது. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அது தொடையிலும் இடுப்பின் பின்புறத்திலும் போய்த் தங்கும். பிள்ளை பெறுவதற்கும் பால் கொடுப்பதற்குமான சேமிப்பு அது, பெரும்பாலும் தீங்கில்லாதது. ஈஸ்ட்ரோஜன் வற்றியதும் புதிய கொழுப்பு வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிகிறது. அங்கிருந்து நேராகக் கல்லீரலுக்குள் கலந்து சர்க்கரை, கொலஸ்ட்ரால், ரத்தக் கொதிப்பு என்று வினை வைக்கிறது. ஆக, பெரியம்மாவின் தராசைவிட அவருடைய நாடாதான் உண்மையைச் சொல்லியிருக்கிறது.

நாடாவை வைத்தே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. உங்கள் உயரத்துக்கு ஒரு கயிற்றை அளந்து வெட்டுங்கள். அதை இரண்டாக மடியுங்கள். மடித்த கயிறு தொப்புள் உயரத்தில் வயிற்றைச் சுற்றி எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால், எடை எவ்வளவாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது என்று பொருள். தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை.

எந்த வைத்தியம் எங்கே தொடுகிறது?

இனி அலமாரிக்கு வருவோம். குபீர்ச் சூட்டுக்கு மருந்துகளைச் சோதிப்பவர்கள் எப்போதும் சந்திக்கும் ஒரு விசித்திரம் உண்டு. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைக் கொடுத்தாலும் பல சோதனைகளில் சூடு மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்திருக்கிறது. ஆகவே ஒரு லேகியத்தைச் சாப்பிட்டுக் கொஞ்சம் குறைந்தது என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் லேகியம்தான் குறைத்தது என்றும் ஆகிவிடாது. வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்வியை வைத்து வட அமெரிக்க மெனோபாஸ் சங்கத்தின் வல்லுநர்கள் 2023இல் ஹார்மோன் அல்லாத எல்லா வழிகளையும் வரிசையாக எடைபோட்டார்கள். மூலிகைச் சத்து மாத்திரைகள், அக்குபங்சர், சோயாச் சத்து ஆகிய எதையும் குபீர்ச் சூட்டுக்கு அவர்களால் பரிந்துரைக்க முடியவில்லை. யோகாவும் உடற்பயிற்சியும் வேறு பல நன்மைகள் தந்தாலும் இந்த ஒரு தொல்லையைக் குறைக்கும் என்பதற்குச் சான்று போதவில்லை. மருந்தில்லாத வழிகளில் தேறியவற்றில் முக்கியமானவை மூன்று: எடை குறைப்பு, சிந்தனையையும் பழக்கத்தையும் சீர்செய்யும் சிபிடி என்ற உளவியல் பயிற்சி, மருத்துவ ஹிப்னாசிஸ்.

ஹிப்னாசிஸா என்று எனக்கும் முதலில் தயக்கம் வந்தது. டெக்சாஸின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் கேரி எல்கின்ஸ் குழு 187 பெண்களிடம் இதைச் சோதித்து 2013இல் வெளியிட்டது. வாரம் ஒன்றாக ஐந்து அமர்வுகள். உடலைத் தளர்த்தி, குளிர்ச்சியான காட்சிகளை மனத்தில் எழுப்பி, வீட்டிலும் அதைப் பயிலச் சொன்னார்கள். 12ஆம் வார முடிவில் சூட்டுத் தொல்லை 74 சதவீதம் குறைந்திருந்தது. அதே அளவு கவனிப்பும் பேச்சும் மட்டும் பெற்ற மற்ற குழுவில் 17 சதவீதம்தான். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மைரா ஹன்ட்டர் உருவாக்கிய சிபிடி பயிற்சி வேறொரு இடத்தில் உதவுகிறது. சூடு வரும் தடவை பெரிதாகக் குறைவதில்லை. வரும்போது ஏற்படும் பதற்றமும், அதனால் கெடும் தூக்கமும் குறைகின்றன. “ஐயோ, எல்லோரும் பார்க்கிறார்களே” என்ற நினைப்பு “ரெண்டு நிமிஷத்துல அடங்கிடும்” என்று மாறுகிறது. பெரியம்மா இதில் பாதி வழியைத் தானாகவே நடந்திருந்தார்.

எடைக் குறைப்புக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் பல்லாயிரம் பெண்களிடம் நடந்த உணவு மாற்ற ஆய்வு ஒன்றில், காய்கறி, பழம், முழுத் தானியம் கூட்டி, கொழுப்பைக் குறைத்து, ஓராண்டில் நாலரை கிலோவோ எடையில் பத்தில் ஒரு பங்கோ இறக்கியவர்களுக்குச் சூட்டுத் தொல்லை அடியோடு போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு, சூட்டை வெளியே விடாத போர்வைபோல இருப்பதும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

சோயாவைப் பற்றி ஒரு வார்த்தை. அதிலுள்ள ஐசோஃப்ளேவோன் என்ற பொருள் ஈஸ்ட்ரோஜனைச் சற்றே ஒத்தது. சிலரின் குடல் நுண்ணுயிர்கள் அதை ஈக்குவால் என்ற வலுவான பொருளாக மாற்றுகின்றன. மற்றவர்களுக்கு அந்த நுண்ணுயிர்களே இல்லை. ஒரே சோயா ஒருவருக்கு உதவி இன்னொருவருக்கு உதவாமல் போவதற்கு இது காரணமாக இருக்கலாம். 2021இல் ஒரு சிறிய சோதனையில், கொழுப்புக் குறைந்த சைவ உணவோடு தினமும் அரைக் கப் வேகவைத்த சோயாபீன்ஸ் சாப்பிட்டவர்களுக்குக் கடும் சூடு பெருமளவு குறைந்தது. எடையும் குறைந்தது. எது உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆகவே சோயாவைப் பயறாக, புரதத்துக்காகச் சாப்பிடுங்கள். மாத்திரையாக விலை கொடுத்து வாங்க வேண்டாம்.

இயற்கை என்று எழுதியிருந்தால் தீங்கு செய்யாது என்று நினைத்துவிடவும் கூடாது. உலகெங்கும் மெனோபாஸுக்காக விற்கப்படும் பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பொடியை, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

சுமை என்ற மருந்து

தசை கரைவதையும் எலும்பு தேய்வதையும் தொடுகிற வைத்தியம் எந்த டப்பாவிலும் இல்லை. எலும்பை அரிக்கும் அணுக்களும் கட்டும் அணுக்களும் நம் உடம்பில் ஓயாமல் வேலை செய்கின்றன. அரிப்பவற்றை அடக்கி வைத்திருந்ததும் ஈஸ்ட்ரோஜன்தான். அது போனதும் முதல் சில ஆண்டுகளில் எலும்பு மளமளவென்று அடர்த்தி இழக்கிறது. கட்டும் அணுக்களை எழுப்ப மிச்சமிருக்கும் நேர்வழி, எலும்பின் மேல் பாரம் ஏற்றுவது. பாரம் வந்தால்தான் எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும்.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பெலிண்டா பெக் இதைத் துணிந்து சோதித்தார். எலும்பு அடர்த்தி குறைந்த, சராசரி 65 வயதுள்ள 101 பெண்கள். இப்படிப்பட்டவர்களைப் பொதுவாக “கனம் தூக்காதீர்கள்” என்றுதான் எச்சரிப்பார்கள். அவர்களில் ஒரு பாதியினர் வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், பயிற்சியாளரின் கண்காணிப்பில் படிப்படியாகக் கனமான எடை தூக்கினார்கள். எட்டு மாத முடிவில் அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியிருந்தது. வீட்டில் இலேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. எடை தூக்கியவர்களுக்கு எலும்பு முறிவு எதுவும் ஏற்படவில்லை.

நடைப்பயிற்சி இதயத்துக்கும் மனத்துக்கும் நல்லது. தசைக்கு அது மட்டும் போதாது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதில் தொடங்கலாம். சுவரில் கை ஊன்றித் தள்ளலாம். தண்ணீர் பாட்டில்களிலிருந்து ஐந்து கிலோ அரிசிப் பைக்கு மெல்ல ஏறலாம். எலும்புத் தேய்மானம் இருப்பவர்கள் தெரிந்தவர் துணையில்லாமல் கனம் தூக்கக் கூடாது.

தூக்கும் தசைக்குத் தீனியும் வேண்டும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு, இந்தியர்கள் தங்கள் சக்தியில் 62 சதவீதத்தைச் சோறு, கோதுமை, சர்க்கரை போன்ற மாவுச்சத்திலிருந்தே பெறுகிறார்கள் என்று 2025இல் சொன்னது. அதில் ஒரு சிறு பங்கைப் பயறு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினாலே சர்க்கரை நோய் வரும் ஆபத்து குறையும் என்றும் கணக்கிட்டது. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 50 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. 100 கிராம் உளுந்திலோ பருப்பிலோ 22 கிராம் அளவில் இருக்கிறது. கடைசியாகச் சாப்பிட உட்காரும் பெண்ணின் தட்டில் சோறும் ரசமும் மிஞ்சும், பருப்பும் மீன் துண்டும் மிஞ்சுவதில்லை. இந்த ஒரு வழக்கத்தை மாற்றுவதே பெரிய வைத்தியம்.

சுண்ணாம்புச் சத்து மெனோபாஸ் தாண்டியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில். 100 கிராம் கேழ்வரகில் 360 மில்லிகிராமுக்குச் சற்று மேலே இருக்கிறது. முருங்கைக்கீரையில் 300க்கு மேல். எள்ளில் ஆயிரத்துக்கு மேல். தயிரையும் முள்ளோடு சாப்பிடும் நெத்திலியையும் சேர்த்தால் நம் சமையற்கட்டிலேயே பெரும்பகுதி கிடைத்துவிடும். கூடவே காலையிலோ மாலையிலோ கொஞ்ச நேரம் வெயிலில் நிற்க வேண்டும். வைட்டமின் டி இல்லாமல் சுண்ணாம்பு எலும்பில் ஒட்டாது.

டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆனபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரைப் பாருங்கள். புற்றுநோயின் முதல் அறிகுறியாக அது இருக்கக்கூடும். 40 வயதுக்கு முன்பே நின்றவர்களும், கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்களும் வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தக் கூடாது. அவர்களின் எலும்பும் இதயமும் ஈஸ்ட்ரோஜனை வெகு சீக்கிரம் இழந்துவிட்டன. பிறப்புறுப்பு வறட்சி, அடிக்கடி நீர்க்கடுப்பு இவற்றைச் சொல்லக் கூச வேண்டாம். மேலே தடவும் எளிய மருந்துகள் உண்டு.

ஹார்மோன் சிகிச்சை என்றாலே பலர் பயப்படுகிறார்கள். 16,608 பெண்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு ஒன்று, மார்பகப் புற்றுநோய் ஆபத்து கூடுவதைக் கண்டு 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டதுதான் அந்தப் பயத்தின் வேர். ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. மெனோபாஸ் வந்து பத்தாண்டுக்குள், 60 வயதுக்குக் கீழ் இருக்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பெரும்பாலும் நன்மையே மிகுதி என்று பின்னால் செய்த அலசல்கள் காட்டின. குபீர்ச் சூட்டுக்கு இன்றும் அதைவிட வலுவான மருந்து இல்லை. எல்லோருக்கும் அது பொருந்தாது. பொருந்துமா என்பதை டாக்டரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். தூக்கமில்லாமல் துவண்டுபோன ஒருவர் அதை எடுத்துக்கொண்டால், அவர் இயற்கைக்குத் துரோகம் செய்தவர் ஆகமாட்டார்.

இயற்கை எங்கே இருக்கிறது?

மானுடவியலாளர் மார்கரெட் லாக் 1980களில் ஜப்பானியப் பெண்களிடம் பேசியபோது, கடந்த இரண்டு வாரத்தில் குபீர்ச் சூடு வந்தது என்றவர்கள் பத்தில் ஒருவர்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். தோள்பட்டை இறுக்கம்தான் ஜப்பானியர்களின் பெரிய குறை. மார்ஷா ஃப்ளின்ட் 1975இல் எழுதிய ஆய்வில், ராஜஸ்தானிலும் இமாசலப் பிரதேசத்திலும் 483 ராஜபுத்திரப் பெண்களைச் சந்தித்தார். மாதவிலக்கு முறைகேட்டைத் தவிர அவர்கள் வேறு குறை அதிகம் சொல்லவில்லை. மாதவிலக்கு நின்றபின் அவர்களுக்கு முக்காட்டிலிருந்து விடுதலை. ஆண்களோடு சமமாக உட்கார்ந்து பேசலாம். அவர்களுக்கு அது இழப்பாகத் தெரியவில்லை. உணவு, உடல் உழைப்பு, மரபணு, ஊர் தரும் மரியாதை எல்லாம் சேர்ந்துதான் ஒரே மாற்றத்தை ஒரு பெண் எப்படி உணர்கிறாள் என்பதைத் தீர்மானிக்கின்றன.

தான்சானியாவின் ஹாட்சா மக்களிடையே கிறிஸ்டன் ஹாக்ஸ் குழுவினர் கண்ட காட்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்கிறவர்கள் அவர்கள். கல்லும் மண்ணுமான தரையில் கூர்மையான கழியை இறக்கி, ஆழத்தில் கிடக்கும் கிழங்கை நெம்பி எடுப்பதில் அதிக நேரம் உழைப்பவர்கள் யார் என்று கணக்கெடுத்தபோது, இளம் தாய்மார்களைவிடப் பாட்டிகள் முன்னால் நின்றார்கள். அந்தக் கிழங்கில்தான் பேரப்பிள்ளைகள் வளர்ந்தார்கள். பிள்ளைப் பேறு முடிந்தபிறகும் பெண்ணுடல் பல பத்தாண்டு வாழும்படி பரிணாமம் அமைந்ததற்கு இந்தப் பாட்டிகளின் உழைப்பே காரணம் என்பது ஹாக்ஸின் கருத்து. மாதவிலக்கு நின்ற உடம்பு ஓய்ந்துபோன உடம்பு என்று நாம் நினைக்கிறோம். அது தோண்டவும் சுமக்கவும் நடக்கவும் ஊட்டவும் அமைந்த உடம்பு. அதன் இயற்கை அந்தச் சுமையில் இருக்கிறது. அலமாரி டப்பாவில் இல்லை.

நம் வீடுகளில் ஒரு பெண் வயதுக்கு வந்தால் ஊரே கூடுகிறது. உளுந்து மாவை வேகவைத்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் களி கிண்டி, “இடுப்புக்குப் பலம், சாப்பிடு” என்று ஊட்டுகிறார்கள். அதே பெண்ணுக்கு முப்பத்தைந்து ஆண்டு கழித்து மாதவிலக்கு நிற்கும்போது, இடுப்பும் எலும்பும் நிஜமாகவே பலம் கேட்கும்போது, என்ன செய்கிறது என்று கேட்க ஒருவரும் இல்லை. நடுராத்திரியில் சிமென்ட் தரையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்த மார்கழிக்குக் கும்பகோணம் போனபோது பெரியம்மாவுக்கு இதையெல்லாம் கதைபோலச் சொன்னேன். மூளையின் அடியில் பாதாம் பருப்பு அளவுப் பகுதிக்குள் வீங்கிய நரம்பணுக்கள் என்றதும் வெகுநேரம் பேசாமல் இருந்தார். “அப்ப நெசமாவே உள்ள ஒண்ணு நடக்குதா? நான் என் மனசுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்டி” என்றார். அவர் கண் கலங்கியது. மறுநாள் காலை என் அக்கா உளுந்தங்களி கிண்டினாள், கருப்பட்டியைக் கொஞ்சமாகப் போட்டு. முதல் உருண்டையைப் பெரியம்மாவுக்குத்தான் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்ததும் பெரியம்மா, கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முயன்றார். மூன்றாம் முறை எழுந்தே விட்டார்.